கூடலூர்: மூன்று சாலைகளும் முடியாத நிலக்கணக்கும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தைப் பயிலும் மாணவர் எவரும் இரண்டு வழக்குகளைப் படிக்காமல் தாண்டிச் செல்ல முடியாது. 1995-இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு அவற்றில் ஒன்று. அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அரசுப் பதிவேட்டில் எப்படிக் குறிக்கப்பட்டிருந்தாலும், யாருடைய உடைமையாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் சட்டத்தின் பார்வையிலும் காடே என்று வகுத்தது. இரண்டாவது, ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பளித்த ஐ.ஆர். கொயலோ வழக்கு. நீதிமன்றக் கேள்வியிலிருந்து சட்டங்களைக் காக்க அரசமைப்பில் சேர்க்கப்பட்ட ஒன்பதாம் அட்டவணைக்குள் 1973 ஏப்ரல் 24-க்குப் பின் வைக்கப்பட்ட சட்டங்களையும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்பது அதன் முடிவு. நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் இவ்விரு தீர்ப்புகளின் வேரும் நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவிலுள்ள கூடலூரின் மண்ணில் இருக்கிறது. ஒரு சிறிய மலை நகரத்தின் நிலச் சிக்கல் தில்லி வரை சென்று இரண்டு முறை சட்ட வரலாற்றைத் திருப்பியிருக்கிறதென்றால், அந்த ஊரில் யார் எப்போது குடியேறினார்கள், எந்த மொழியோடு வந்தார்கள், எந்தக் காகிதத்தை நம்பி மண்ணை வெட்டினார்கள் என்பதைத் தேடிப் பார்ப்பது அவசியமாகிறது.

கூடலூரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பன்மொழித் தன்மையை வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே கடைவாசலில் கேட்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இந்த மொழிகள் ஒரே நாளில் ஒரே வழியில் வந்து சேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் நிலத்தோடு ஒரு குறிப்பிட்ட உறவைச் சுமந்துகொண்டு வந்தது: உடைமையாளரின் மொழி, குத்தகைதாரரின் மொழி, கூலிக்கு வந்தவரின் மொழி, அடிமைப்பட்டவரின் மொழி, நாடு கடந்து திரும்பியவரின் மொழி. இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்க்காவிட்டால், அங்குள்ள இணக்கம், இழப்பு இரண்டுமே நமக்குப் புரியாது என்பது என் கருத்து.

ஊரின் பெயரே அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. உதகையிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இறங்கி வரும் சாலையும், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை வழியாக மைசூரிலிருந்து வரும் சாலையும், நாடுகாணி வழியாக மலபாரிலிருந்து ஏறி வரும் சாலையும் கூடும் ஊர் இது. உதகை 2,200 மீட்டருக்கு மேல் குளிர்ந்து கிடக்க, கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் மிதமான வெப்பத்தோடு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை நேராக எதிர்கொள்ளும் சரிவு என்பதால் அருகிலுள்ள தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்றே அழைக்கிறார்கள். தோடர், படகர், கோத்தர் வாழும் உயர்நீலகிரியின் பண்பாட்டோடு இந்தப் பகுதிக்கு இருக்கும் தொடர்பு குறைவு. மண்ணாலும் மழையாலும் வரலாற்றாலும் இது வயநாட்டின் ஒரு துண்டு.

அந்தத் துண்டு நீலகிரியோடு இணைந்த கதை சுருக்கமானது, ஆனால் விளைவு பெரியது. ‘தென்கிழக்கு வயநாடு’ என்று ஆங்கிலேயர் அழைத்த இப்பகுதி மலபார் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 1873-இல் ஓவேலிப் பள்ளத்தாக்கும், 1877-இல் கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி உள்ளிட்ட மற்றப் பகுதிகளும் நீலகிரிக்கு மாற்றப்பட்டன. காப்பித் தோட்டங்களும் அவற்றின் வெள்ளைக்காரத் துரைமார்களும் பெருகிவிட்ட நிலையில், கடற்கரையோரக் கோழிக்கோட்டிலிருந்து ஆள்வதைவிட மலைமேலிருந்து ஆள்வது எளிது என்ற நிருவாகக் கணக்கு அது. அன்று வரையப்பட்ட கோடுதான், 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு சென்றபோது, கூடலூரைச் சென்னை மாநிலத்தில் நிறுத்திவைத்தது. மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்த நாளில், மொழியைக் கருதாமல் எண்பது ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட கோடு இந்த ஊரின் மாநிலத்தைத் தீர்மானித்தது. நாட்டின் ஆட்சி மாறினாலும் நிலத்தின் ஆட்சி மாறவில்லை. மண்ணின் மீதான ஜென்ம உரிமை, மலையடிவாரத்தில் இருந்த நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்திடமே தொடர்ந்து இருந்தது. ஜென்மம் என்பது மலபாரில் பிறப்புவழியாகத் தொடரும் முழு நிலவுரிமை. வரி உதகைக்கும், குத்தகைத் தொகையான பாட்டம் நிலம்பூருக்கும் போயின. ஆணை தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. பாட்டச் சீட்டு மலையாளத்தில் இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே இங்கு இருந்தவர்கள் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி மக்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டுள்ள ஆறு குழுக்களில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் மூவரும், சிறு தொகையாக இருளரும் இவ்வட்டாரத்தில் வாழ்கிறார்கள். குறும்பர் என்ற ஒரே சொல்லால் வெளியார் குறிப்பிட்டாலும், முள்ளுக்குறும்பரின் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கமானது. பெட்டக்குறும்பரின் மொழியோ தனித்தது. காட்டுநாயக்கரின் பேச்சில் கன்னடத்தின் சாயல் கேட்கும். பணிய மொழி மலையாளத்தின் கொச்சை வடிவம் என்று நெடுங்காலமாக இழிவாகச் சொல்லப்பட்டுவந்தாலும் அதற்கென்று தனி ஒலியமைப்பும் இலக்கணமும் உண்டு. இவர்களோடு வயல்களை ஆண்ட மவுண்டாடன் செட்டிகளும் வயநாடன் செட்டிகளும் இருந்தனர். முதற்குழுவின் பேச்சில் கன்னடமும் மலையாளமும் கலந்திருக்க, இரண்டாவது குழுவினர் மலையாளம் பேசினர். நெல்லியாளத்தில் கன்னடம் பேசும் அரசு குடும்பத்தின் சிற்றாட்சி நடந்தது. ஆக, தமிழ் பெருமளவில் இங்கு வருவதற்கு முன்பே இது பன்மொழி நிலம்.

அந்தப் பன்மொழி வாழ்க்கையைச் சமத்துவ வாழ்க்கை என்று எண்ணிவிடக் கூடாது. பணியர் பெரும்பாலும் செட்டிகளின் நெல்வயல்களில் கொத்தடிமைகளாகப் பிணைக்கப்பட்டிருந்தனர். வயநாட்டின் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், தெய்வத்தின் முன்னிலையில் ஓராண்டுக்குக் கூலி பேசி ஆட்களைப் பிணைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. எசமானரின் மொழி பணியருக்குத் தெரிந்திருந்தது; பணியரின் மொழியைக் கற்க வேண்டிய தேவை எசமானருக்கு இருக்கவில்லை. பல மொழிகள் தெரிந்தவர் எவர், ஒன்றே போதுமென்று இருப்பவர் எவர் என்று பார்த்தால் அதிகாரம் எங்கிருந்தது என்பது தெரிந்துவிடும். இன்றும் கூடலூரில் நான்கு மொழிகள் பேசும் மனிதரைத் தேடினால், அவர் ஒரு பழங்குடியினராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தோட்டங்களின் காலம் 1840-களில் தொடங்குகிறது. நீலகிரியை அளவை செய்த ஜான் அவுக்டர்லோனியின் சகோதரர் ஜேம்ஸ் கோவிலகத்திடமிருந்து நிலம் பெற்றுக் காப்பி பயிரிட்ட பள்ளத்தாக்குதான் அக்குடும்பப் பெயரின் ஆங்கில முதலெழுத்தான ‘ஓ’வோடு இன்று ‘ஓவேலி’ என்று வழங்குகிறது. கோயம்புத்தூர், சேலம், மைசூர்ப் பகுதிகளிலிருந்து மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆட்களை மலையேற்றினர். தமிழும் கன்னடமும் கூலி மொழிகளாக இங்கு நுழைந்தது இப்போதுதான். இலங்கையிலும் திருவிதாங்கூர் மலைகளிலும் ‘கங்காணி’ என்று வழங்கிய அதே இடைத்தரகர் இங்கு ‘மேஸ்திரி’ ஆனார். தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு வயநாட்டு வழக்கில் ‘பாடி’ என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நூறு ஆண்டுகள் கழித்து இதற்குப் போட்டியாக இன்னொரு சொல் வரப்போகிறது.

காப்பியை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் தங்கம் குறுக்கிட்டது. ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் எடுப்பது இங்குள்ள குறும்பரும் பணியரும் முன்பே அறிந்திருந்த வேலை. ஆஸ்திரேலியச் சுரங்க அனுபவம் கொண்ட பிரோ ஸ்மித் 1880-இல் அளித்த அறிக்கை லண்டன் பங்குச் சந்தையைக் கிளறிவிட, சில மாதங்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. பந்தலூரும் தேவாலாவும் ஒரே ஆண்டில் நகரங்களாக உப்பின. எந்திரங்கள் மலையேறி முடிவதற்குள் பொன் போதாது என்று தெரிந்துவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்தது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இன்றும் தேவாலாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வாய்பிளந்து கிடக்கின்றன. இந்தக் காலத்தின் இன்னொரு தடயம் வியப்பானது. சிங்கப்பூர் பக்கமிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் மலேரியா மருந்துக்கான பட்டை தரும் நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தனர். அவர்களில் சிலர் விடுதலைக்குப் பின் தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காப்பியும் காய்கறியும் பயிரிட்டு வாழ்ந்ததை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அந்தக் குடும்பங்கள் பின்னர் சுற்றியிருந்த மக்களோடு கரைந்துபோயின.

அடுத்த பெரிய அலை 1940-களில் வந்தது. இரண்டாம் உலகப் போர் காலத்து உணவுப் பஞ்சமும் ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்ற அரசின் அழைப்பும் திருவிதாங்கூரிலிருந்து சிரியன் கிறித்தவ உழவர்களை மலபாரின் மலைகளை நோக்கி அனுப்பின. வயநாட்டில் குடியேறியவர்களின் ஒரு கிளை கூடலூர், எருமாடு, அய்யன்கொல்லிப் பக்கம் நீண்டது. ஏற்கெனவே ஏறநாட்டிலிருந்து வந்து கடைத்தெருவையும் மர வணிகத்தையும் நடத்திவந்த மாப்பிள்ளை முஸ்லிம்களோடு இவர்களும் சேர்ந்தபோது, மலையாளம் கோவிலகத்தின் மொழி என்ற நிலையிலிருந்து உழவரின் மொழியாகவும் வணிகரின் மொழியாகவும் மாறியது. மரவள்ளி, மிளகு, இஞ்சி என்று பயிரும் மாறியது. கோவிலகத்தின் காரியக்காரர்களிடம் வாய்மொழியாகவோ ஒரு துண்டுச் சீட்டின் மூலமாகவோ பெற்ற இசைவை நம்பிக் காட்டைத் திருத்தியவர்கள் பலர். காரியக்காரருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்தது. ஆனால் அந்த ரசீதை மதிக்கும் சட்டம் சில ஆண்டுகளில் இல்லாமல் போனது.

அதைச் செய்தது 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றச் சட்டம். ஏறத்தாழ 80,000 ஏக்கர் ஜென்ம நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, உழுபவருக்குப் பட்டா வழங்குவது அதன் நோக்கம். தோட்டக் குத்தகைகளைப் பற்றியது அதன் 17-ஆம் பிரிவு. தோட்ட நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. காடுகளை அரசுடைமையாக்கியது வேளாண் சீர்திருத்தமாகாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 1974-இல் அரசமைப்பின் 34-ஆம் திருத்தத்தின் மூலம் இச்சட்டம் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைக்கப்பட்டது. அதை எதிர்த்துப் புறப்பட்டதுதான் முதலில் சொன்ன கொயலோ வழக்கு. இதற்கிடையே பெருமளவில் மரம் வெட்டப்பட்டது. யாருடைய நிலம் என்று தெரியாத காட்டில் வெட்டுபவர்களைத் தடுக்கவும் ஆளில்லை. அந்த அழிவைக் கண்டு நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கே இந்தியக் காடுகளின் வழக்காக வளர்ந்தது. உரிமையை இழந்த குடும்பத்தின் ஒருவர் காட்டுக்காக மனம் வருந்தி நீதிமன்றம் ஏறியது மதிக்கத்தக்க செயல் என்றே கருதுகிறேன். அதே வேளையில், அந்தத் தீர்ப்பு பட்டா கேட்டு நின்றிருந்த சிறு உழவரின் காத்திருப்பை நீட்டித்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

சுமார் 35,000 ஏக்கர் ‘பிரிவு 17 நிலம்’ என்ற பெயரில் இன்றும் முடிவின்றிக் கிடக்கிறது. கூடலூரில் இந்த எண் ஒரு சட்டப் பிரிவின் எண்ணாக அன்றி ஒரு வாழ்க்கை நிலையின் பெயராகவே வழங்குகிறது. வீடு எங்கே என்று கேட்டால் ‘செக்‌ஷன் பதினேழில்’ என்று பதில் வரும். பட்டா இல்லை என்றால் வங்கிக் கடன் இல்லை, முறையான வீட்டு அனுமதி இல்லை. மின் இணைப்புக்காகப் பல்லாண்டுகள் மனுக்களோடு அலைந்தவர்கள் உண்டு. தேர்தல் தோறும் மூன்று மொழிகளிலும் பேசப்படும் ஒரே பொருள் இதுவே. மலையாளக் கிறித்தவர், தமிழ்த் தொழிலாளி, மாப்பிள்ளை வணிகர், செட்டி உழவர் ஆகியோரை ஒரே பந்தலில் உட்காரவைக்கும் ஆற்றல் பண்டிகைகளுக்கு இருப்பதைவிட இந்த எண்ணுக்கு அதிகமாக இருக்கிறது.

தமிழ் இவ்வட்டாரத்தின் பெரும்பான்மைக் குரலாக உயர்ந்தது இலங்கையிலிருந்து திரும்பியவர்களால்தான். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இருநாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களை எண்ணிக்கையாக மட்டுமே பார்த்த இந்தக் கணக்கின் விளைவாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு, தேயிலை வேலையைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது 1976-இல் ‘டான்டீ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சேரம்பாடி, நெல்லியாளம், பந்தலூர், பாண்டியாறு என்று அதன் தோட்டங்கள் விரிந்தன. அரசு வேலை கிடைக்காதவர்களும், வேறு மாவட்டங்களில் குடியமர்த்தப்பட்டுப் பிழைக்க முடியாமல் போனவர்களும், மலையின் குளிரும் தேயிலையின் மணமும் தெரிந்த இடம் என்பதற்காகவே இங்கு வந்து சேர்ந்தனர்.

அவர்களோடு ஒரு சொற்களஞ்சியமும் வந்தது. பாடி என்று இங்கு வழங்கியதை அவர்கள் ‘லயம்’ என்றார்கள். காலையில் பெயர் கொடுக்கக் கூடுவது ‘பெரட்டு’ ஆனது. கண்டி, நுவரெலியா, அட்டன் என்ற ஊர்ப்பெயர்கள் பாட்டிமார் பேச்சில் தாய்க்கிராமத்தின் பெயர்களைப் போல ஒலித்தன. புதுக்கோட்டையும் திருச்சியும் சேலமும் அவர்களின் முன்னோர் புறப்பட்ட இடங்கள்தாம் என்றாலும், பிறந்து வளர்ந்த ஊர் என்று அவர்கள் நினைத்து அழுதது இலங்கை மலைகளைத்தான். அரசுக் கோப்புகள் அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. ஊரார் ‘சிலோன்காரர்’ என்றார்கள். தாயகத்துக்குத் திரும்பியவர்களை அந்நிய நாட்டின் பெயரால் அழைத்த அந்த வழக்கில் சமூகத்தின் ஏற்பின்மை இருந்தது. தமிழ் பேசும் மாநிலத்தில் தமிழ் பேசும் மக்களாக வந்திறங்கியும், அவர்கள் அயலாராகவே நடத்தப்பட்டார்கள். மொழி ஒன்றாயிருப்பதால் மட்டும் ஒருவர் உள்ளூரார் ஆகிவிடுவதில்லை என்பதற்கு அவர்களின் முதல் இருபது ஆண்டுகள் சான்று.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து உருவாக்கிய கடைத்தெரு மொழியைக் கவனித்தால், அது எந்த ஒரு மாநிலத்தின் மொழியும் அல்ல என்பது விளங்கும். மலையாளிக் கடைக்காரரைத் தமிழ்த் தொழிலாளி ‘சேட்டா’ என்றும், மாப்பிள்ளை வணிகரை ‘காக்கா’ என்றும் கூப்பிட்டுத் தமிழில் விலை கேட்பார். அவர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். பேருந்து நிலையத்தில் மூன்று மாநில அரசுப் பேருந்துகளும் நிற்கின்றன; பெயர்ப் பலகைகளை மூன்று எழுத்துகளிலும் படிக்கத் தெரியாதவர்கள்கூட எந்த எழுத்து எந்தத் திசைக்குப் போகும் என்று அறிவார்கள். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் பெருநாளுக்கும் கடைத்தெரு ஒரே அளவுக்கு நிரம்புகிறது. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் எருமாடு, பிதர்காடு, தாளூர் மக்கள் கேரளத்தின் சுல்தான் பத்தேரியை நாடுவது, அவர்களுக்கு உதகையைவிட அது அருகில் இருப்பதால். 2020-இல் பெருந்தொற்றின்போது மாநில எல்லைகள் மூடப்பட்ட நாள்களில்தான், இதுவரை ஒரு சோதனைச் சாவடியாக மட்டும் தெரிந்த கோடு எத்தனை குடும்பங்களின் நடுவே போகிறது என்பது வெளிப்பட்டது.

பழங்குடி மக்களின் நிலையில் திருப்பம் 1980-களில் வந்தது. 1985-இல் ஸ்டேன் தெக்கேகரா, மாரி தெக்கேகரா இணையர் தொடங்கிய ‘அக்கார்டு’ அமைப்பின் துணையோடு ஊர்தோறும் சங்கங்கள் உருவாகி, ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக இணைந்தன. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் நில உரிமை கோரிக் கூடலூர் வீதிகளில் நடந்தபோது, நகரம் தன் மிகப் பழைய குடிகளை ஒன்றாக முதன்முறையாகக் கண்டது. பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் தத்தம் மொழியில் பேச, ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளப் பொதுவாகப் பயன்பட்டது தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. 1990-இல் அஸ்வினி என்ற பெயரில் எழுந்த மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. நோயைச் சொல்லத் தன் மொழியே போதும் என்ற நிலை ஒரு பணியப் பெண்ணுக்கு வாய்த்ததன் அருமையை, நான்கு மொழியிலும் தயங்கித் தயங்கிப் பேசி வாழ்ந்த தலைமுறையை அறிந்தவர்களே உணர முடியும். வித்யோதயா பள்ளி, பழங்குடிக் குழந்தைகளின் பாட்டையும் கதையையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது.

ஆனால் பள்ளி என்பதே இம்மொழிகளுக்கு இருபுறமும் கூரான கருவி. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம், 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. மலையாள வழியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த எல்லைப் பகுதிக் குடும்பங்கள் இதை எதிர்த்ததும், மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றதும் செய்திகளாயின. அவர்களுக்கேனும் பத்தேரியில் ஒரு பள்ளி உண்டு, அடுத்த மலைக்கு அப்பால் ஒரு மாநிலம் உண்டு. பெட்டக்குறும்ப மொழிக்கு எந்த மாநிலமும் இல்லை. எழுத்தோ பாடநூலோ இல்லாத அந்த மொழிக்கு விரிவான இலக்கணம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வேடாக 2003-இல்தான் எழுதப்பட்டது. தமிழ்ச் சட்டத்தின் மீது நடந்த விவாதத்தில் இரண்டு பெரிய மொழிகள் மோதின. நான்கு சிறிய மொழிகளைப் பற்றி எவரும் பேசவில்லை. தமிழைக் கற்பது பழங்குடிக் குழந்தைக்கு வாழ்வின் கதவைத் திறக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் இரண்டு ஆண்டுகளாவது அந்தக் கதவை அதன் சொந்த மொழியில் திறந்துவிட ஆசிரியர் வேண்டும் என்பதே குறை. தாய்மொழியில் ஒரு சொல்லும் கேட்காத வகுப்பறையில் மௌனமாக அமர்ந்திருக்கும் குழந்தை, சில ஆண்டுகளில் பள்ளியிலிருந்தே மறைந்துவிடுகிறது.

நிலத்தின் தோற்றம் மாறியதும் பண்பாட்டை மாற்றியது. வயநாட்டு வழக்கில் ‘வயல்’ என்பது இரு குன்றுகளுக்கிடையே நீர் தேங்கும் சதுப்பான நெல்நிலம். புத்தூர்வயல், பாட்டவயல் என்று அச்சொல் ஊர்ப்பெயர்களில் நிலைத்திருக்கிறது; நெல்லோ வாழைக்கும் இஞ்சிக்கும் தேயிலைக்கும் கட்டடங்களுக்கும் இடம்விட்டு ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் ஐப்பசியில் பூப்புத்தரி என்னும் புதுக்கதிர் அறுவடைத் திருவிழா நடக்கிறது. விரதமிருந்த பணியரும் குறும்பரும் புத்தூர்வயலில் முதற்கதிரை அறுக்க, செட்டிகளும் கூடி வாத்தியத்தோடு அக்கதிர்கள் நம்பாலக்கோட்டை வேட்டைக்கொருமகன் கோயில் முதலிய கோயில்களுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. முன்பு எசமானருக்கும் அடிமைக்கும் இருந்த உறவின் அச்சு அந்தச் சடங்கில் இன்னும் தெரிகிறது. அதே சடங்கில் கதிரறுக்கும் உரிமை பழங்குடியினருக்கே உரியது என்பதும் தெரிகிறது. வயல் முற்றிலும் மறைந்தால் அந்த உரிமையை எங்கே நின்று நிலைநாட்டுவது என்பது வெறும் சடங்கைப் பற்றிய கேள்வி அன்று.

காடும் தன் பங்கைக் கேட்கிறது. 1940-இல் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட முதுமலை, கூடலூரின் கிழக்கு வாசல். காப்பகத்துக்குள் வாழ்ந்த செட்டி, பழங்குடிக் குடும்பங்கள், குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கும் மறுகுடியமர்வுத் திட்டத்தின்கீழ் வெளியே மாற்றப்பட்டு, பல குடும்பங்கள் அய்யன்கொல்லிப் பகுதியில் குடியமர்ந்தன. கன்னடம் கலந்த பேச்சுடைய முதுமலை ஊர்கள் மலையாளம் கலந்த பேச்சுடைய பகுதிக்கு இடம்பெயர்ந்தன. ஒரு வட்டார வழக்கு எந்த அறிவிப்பும் இன்றி இப்படியும் முடிவுக்கு வரும். 2009 முதல் பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. விலங்குகளின் உயிர்காக்கும் இந்தத் தடை சரியானதே. அதனால் மைசூர் சாலை இரவில் உறங்கும் ஊராகக் கூடலூர் மாறியதும் உண்மை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமான பின், மூன்று மாநிலத்தாரும் கடந்துபோகும் வாசல் என்ற அடையாளம் ஊருக்கு மேலும் அழுத்தமாகியிருக்கிறது. சுற்றுலா வண்டிகள் நின்று போகின்றன, தங்குவது குறைவு.

இவற்றுக்கெல்லாம் நடுவே, தாயகம் திரும்பியோருக்காக உருவான அரசுத் தோட்டங்கள் சுருங்கத் தொடங்கியுள்ளன. நட்டத்தில் ஓடும் டான்டீயின் ஏறத்தாழ 2,150 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க 2022-இல் அரசு ஆணையிட்டது. நிலம் தொடக்கத்தில் காட்டுநிலமே என்பதால் சட்டத்தின் பார்வையில் இது இயல்பான நடவடிக்கை. தோட்ட வேலையோடு பிணைந்தது லயத்து வீடு; வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும் என்பது தொழிலாளர் ஒவ்வொருவரின் ஓய்வுக்கால அச்சம். தலைமன்னாரில் கப்பலேறியபோது கையில் குழந்தையாக இருந்தவர்கள் இன்று ஓய்வுபெறும் வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகள் எருமாட்டுப் பள்ளியில் மலையாளம் கலந்த தமிழில் விளையாடுகிறார்கள். தாங்கள் வசிக்கும் வரிசை வீட்டை லயம் என்று அல்ல, பாடி என்றே சொல்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மேஸ்திரி அழைத்துவந்த கூலிகள் குடியிருந்த இடத்துக்கு வழங்கிய அதே சொல், இலங்கைவரை போய்வந்த ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையின் வாயில் குடியேறிவிட்டது. அந்த வீட்டுக்கான பட்டா மட்டும் இன்னும் வரவில்லை.